மருத்துவிச்சி எங்கே என்ற கேள்வி

பாராளுமன்றத்துக் கேள்வி நேரத்தைப் பற்றி யாராவது என் முன்னால் பெருமையாகப் பேசினால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகும். மந்திரியையே நிற்கவைத்துக் கேள்வி கேட்கலாம், அதுதானே சனநாயகம் என்பார்கள். கேட்கலாம், தாராளமாகக் கேட்கலாம். நானும் கேட்பித்தவன்தான். என் மனைவியின் வயிற்றுப் பிள்ளைக்காகக் கேட்பித்தேன். என்ன கண்டேன் என்று சொல்லுகிறேன், அதைக் கேட்டுவிட்டுப் பெருமைப்படுகிறவர்கள் பெருமைப்படட்டும்.

ஐம்பதுகளில் நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்கு உள்ளே ஒரு குடியேற்றத் திட்டத்துக்கு வந்தோம். அரசாங்கம் காடு வெட்டி, வாய்க்கால் வெட்டி, வயல் காணியும் மேட்டுக் காணியும் பிரித்துக் கொடுத்தது. வந்த புதிதில் யானையும் பார்த்தோம், மலேரியாக் காய்ச்சலும் பார்த்தோம். அதற்கெல்லாம் நான் அரசாங்கத்தைக் குறை சொல்லவில்லை. யானைக்கு அரசாங்கம் என்ன செய்யும்? ஆனால் பிரசவ விடுதி என்று ஒன்றைக் கட்டினார்களே, அதைப் பற்றிச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது.

நல்ல கட்டடம். உயரமாகப் போட்ட சீமெந்து நிலம், ஓட்டுக்கூரை, வாசலில் பெயர்ப்பலகை. மந்திரி ஒருவர் வந்து நாடா வெட்டினார், படம் எடுத்தார்கள், எல்லோரும் சோடா குடித்தோம். போனவர்கள் போனவர்கள்தான். ஒரு இரும்புக் கட்டில் வந்து சேர்ந்தது. மருத்துவிச்சி வரவில்லை. இன்றைக்கு வருவா, நாளைக்கு வருவா என்று பார்த்திருந்து அலுத்துப்போனோம். கூரையுள்ள வெறுங்கட்டடத்தை ஆடு மாடு சும்மா விடுமா? மழைக்கு ஒதுங்கின, பிறகு குடியே வந்துவிட்டன. ஒரு வெள்ளாடு அதற்குள் இரட்டைக் குட்டி போட்டது. ஆட்டுக்காவது பிரசவ விடுதி கிடைத்ததே என்று எல்லோரும் பகிடி விட்டோம். நானும் சிரித்தேன்.

அந்த மாரியோடு பகிடி முடிந்தது. என் மனைவிக்கு முதல் பிள்ளை. வலி தொடங்கியதும் மாட்டு வண்டிலில் வைக்கோல் பரப்பி அவளைக் கிடத்திக்கொண்டு கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். சேற்றுப் பாதை. சில்லு புதைந்து வண்டில் சரிந்து நின்ற இடத்திலே பிள்ளை பிறந்தது. அழவில்லை. ஒரு மருத்துவிச்சி பக்கத்தில் இருந்திருந்தால் முதுகில் தட்டி அழவைத்திருப்பாள் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அந்தப் பிள்ளையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனமில்லை.

சில வருடம் கழித்து மனைவி திரும்பவும் கர்ப்பமானாள். நாள் கார்த்திகையில் என்றார்கள், அதாவது மாரி கொட்டுகிற காலம். சந்தோசப்படவா பயப்படவா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் பயந்தாள். "இந்த முறையும் வண்டிலோ?" என்று ஒருநாள் கேட்டாள்.

வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கிழமை எங்கள் எம்.பி. குடியேற்றத்துக்கு வந்தார். கொழும்புக் கோர்ட்டுகளில் பேர்பெற்ற அப்புக்காத்து, எதிர்க்கட்சிக்காரர். வெள்ளை வேட்டி, தங்கக் கண்ணாடி, வாயைத் திறந்தால் பேச்சுப் பிரவாகம். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், அவரைக் கையைப் பிடிக்காத குறையாக விடுதிக்குக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினேன். மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார். ஆட்டுப் பிழுக்கை, மாட்டுச் சாணி, கட்டிலுக்கு மேலே ஒரு கோழி.

"நாசமாய்ப் போச்சு!" என்றார். "தம்பி, நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் பாராளுமன்றத்திலை கேள்வி போடுறன். மந்திரி எழும்பி நிண்டு மறுமொழி சொல்லத்தான் வேணும். தப்பேலாது."

"கார்த்திகைக்கு முந்தி மருத்துவிச்சி வருவாவோ ஐயா?"

"கேள்வி போட்டா எல்லாம் ஓடிவரும்."

எனக்கு நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் அன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஒரு கேள்வி போட்டால் மந்திரி கண்ணை மூடிக்கொண்டு மறுமொழி சொல்லுவதில்லை. அரசாங்கக் கந்தோருக்கு எழுதுவார்கள், கந்தோரிலிருந்து ஒரு உத்தியோகத்தர் நேரில் வந்து பார்த்து அறிக்கை அனுப்புவார். ஆடி மாதம் அப்படி ஒருவர் வரப்போகிறார் என்று தகவல் வந்தது. கோதாரி அங்கேதான் தொடங்கியது.

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் போதும், அவர் எதற்கு வருகிறார் என்று யோசிப்பதில்லை. முற்றம் கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டு, நிறைகுடம் வைத்துவிட்டுத்தான் மறுவேலை. கடன்காரன் வந்தாலும் தேத்தண்ணி கொடுத்த பிறகுதான் சண்டை. இதிலே பெரிய உத்தியோகத்தர் வருகிறார் என்றால் கேட்க வேண்டுமா? முன்னேற்றச் சங்கத் தலைவர் வீடு வீடாகப் போய், விடுதியைத் துப்புரவாக்க ஆள் திரட்டிவிட்டார்.

நான் வயலிலிருந்து ஓடினேன். அங்கே போய்ப் பார்த்தால் ஆட்டையெல்லாம் துரத்தியாயிற்று. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிச் சீமெந்தைத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கிறார்கள். வாசலில் வாழை நட்டு மாவிலைத் தோரணம்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்தினேன். "அந்தாள் வாறதே ஊத்தையைப் பாக்க! ஊத்தையை அள்ளி எறிஞ்சு போட்டு எதைக் காட்டப் போறியள்?"

தலைவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, வாற மனுசன் மூக்கைப் பொத்திக்கொண்டு நிக்க, நாங்கள் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்கிறதோ? குடியேற்றக்காரர் மாட்டோடை மாடாய்ச் சீவிக்கிறாங்கள் எண்டு யாழ்ப்பாணம் முழுக்கச் சொல்லட்டுமோ?"

"சொல்லட்டுமன்!"

"நீர் போய் உம்மட வயலைப் பாரும்."

எனக்கு யார் துணை என்று திரும்பினால், உள்ளே கட்டிலுக்குப் பக்கத்தில் என் மனைவி நிற்கிறாள்! வயிற்றைத் தள்ளிக்கொண்டு, எங்கள் பெட்டியில் இருந்த ஒரேயொரு நல்ல வெள்ளைத் துப்பட்டியைக் கொண்டுவந்து கட்டிலில் விரித்துச் சுருக்கம் எடுக்கிறாள். பக்கத்துக் காணிக்காரி, என் மனைவியைவிட இளையவள், கூடவே நின்று குத்துவிளக்குத் துலக்குகிறாள். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"இஞ்சை பாரும், உமக்காகத்தானே இந்தக் கேள்வியே! நீருமோ?"

"இஞ்சேருங்கோ, சத்தம் போடாதேங்கோ," என்றாள். "வாறவர் உள்ளதைப் பாத்து எழுதுவார்தானே. மருத்துவிச்சி இல்லை எண்டது கூட்டினாப் போலை மறைஞ்சிடுமோ? ஊத்தைக்குள்ளை ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வர எனக்கு வெக்கமாய்க் கிடக்கு."

அவள் சொன்னதில் என்ன பிழை? நியாயமான மனுசர் வந்தால் நியாயம்தான். மருத்துவிச்சி இல்லாத விடுதி எவ்வளவு மினுங்கினாலும் மருத்துவிச்சி இல்லாத விடுதிதானே. நான் வீட்டுக்குப் போனேன்.

உத்தியோகத்தர் ஜீப்பில் வந்தார். மாலை போட்டார்கள், சந்தனம் பூசினார்கள். விளக்கு எரிகிறது, வெள்ளைத் துப்பட்டி பளிச்சென்று இருக்கிறது, ஊதுபத்தி வாசம் வேறு. அவர் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, "நல்ல வடிவா வைச்சிருக்கிறியள்," என்றார். தலைவருக்கு முகமெல்லாம் பல்.

"எல்லாம் உங்கட புண்ணியம் ஐயா."

நான் முன்னுக்குப் போய், "ஐயா, இஞ்சை மருத்துவிச்சி இல்லை. வந்ததே இல்லை. மற்ற நாளிலை ஆடுதான் நிக்கிறது," என்றேன். எல்லோரும் என்னை முறைத்தார்கள். உத்தியோகத்தர் வடையைக் கடித்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஆடு ஒண்டையும் நான் காணேல்லையே. மருத்துவிச்சி விசயம் வேறை பகுதி. நான் கட்டடம் பாக்க வந்தனான்."

சாப்பிட்டார், ஏப்பம் விட்டார், போனார். என் மனைவி துப்பட்டியை மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அடுத்த கிழமையே ஆடுகளும் திரும்பி வந்துவிட்டன.

ஆவணியில் கேள்வி எடுக்கப்படுகிற நாள் தெரிந்ததும் நான் கிளிநொச்சி ஸ்டேசனில் கோச்சி ஏறிக் கொழும்புக்குப் போனேன். மந்திரி தப்ப முடியாமல் நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. கடற்கரையோரம் கல்லுத் தூண்களோடு நின்ற அந்தப் பெரிய கட்டடத்தில், எம்.பி. தந்த அனுமதித் துண்டைக் காட்டி, மேலே பார்வையாளர் கலரியில் போய் இருந்தேன். சத்தம் போடக்கூடாது, கை தட்டக்கூடாது, காலுக்கு மேல் கால் போடக்கூடாது என்று வாசலில் நின்றவர் சொல்லித்தான் விட்டார். கோயிலுக்குள் போவதுபோலத்தான் போனேன்.

கேள்வியை எம்.பி. இரண்டு பகுதியாக எழுதியிருந்தார். முதல் பகுதி: இன்ன குடியேற்றத்தில் பிரசவ விடுதி ஆடு மாடு அடைக்கும் இடமாகக் கிடப்பது மந்திரிக்குத் தெரியுமா? இரண்டாம் பகுதி: தெரியுமானால், எப்போது மருத்துவிச்சியை நியமிப்பார்? எல்லாம் இங்கிலீசில்தான். நான் பள்ளிக்கூடத்தில் படித்த அளவுக்கு விளங்கியது.

மந்திரி எழுந்தார், ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். தம்முடைய உத்தியோகத்தர் நேரில் போய்ப் பார்த்தாராம். விடுதி மிகச் சுத்தமாகப் பேணப்படுகிறதாம். கட்டிலில் வெள்ளை விரிப்பு இருந்ததாம். மக்கள் மகிழ்ச்சியோடு வரவேற்றார்களாம். ஆடு மாடு எதுவும் காணப்படவில்லையாம். ஆகவே முதல் பகுதிக்கு மறுமொழி: இல்லை. இரண்டாவது பகுதி எழவில்லை, அதாவது அதற்கு மறுமொழியே தேவையில்லை.

எழவில்லை! கார்த்திகையில் எழுந்து நிற்கப்போகிற பிரச்சினை, அந்தச் சபையில் எழவில்லை. என் மனைவியின் துப்பட்டியைக் காட்டி என் மனைவியின் வாயை அடைத்துவிட்டு அந்த மனிதர் தன் கதிரையில் இருந்துவிட்டார்.

எங்கள் எம்.பி. விடவில்லை, எழுந்தார். "அங்கே மருத்துவிச்சி இருக்கிறாரா இல்லையா?" என்று கேட்டார். சபாஷ் என்று நிமிர்ந்தேன். மந்திரி அசையவில்லை. "அது தனிக் கேள்வி. அதற்குப் புதிதாக முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும்."

அப்போது எங்கள் எம்.பி. என்ன செய்திருக்க வேண்டும்? இங்கே ஒரு பெண் ஏற்கெனவே ஒரு பிள்ளையைச் சேற்றிலே பறிகொடுத்தவள், அவளுக்குக் கார்த்திகையில் நாள் என்று சொல்லியிருக்க வேண்டாமா? நான் அவருக்கு அதைத்தானே சொல்லிச் சொல்லி அனுப்பினேன்? அவரோ கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, "மந்திரியாருக்கு ஆட்டுக்கும் மருத்துவிச்சிக்கும் வித்தியாசம் தெரியாதோ?" என்றார். எதிர்க்கட்சிப் பக்கம் சிரிப்பு. மந்திரி உடனே, "ஆடுகளைப் பற்றி கௌரவ அங்கத்தவருக்குத்தான் நன்றாகத் தெரியும், அவருடைய கூட்டங்களுக்கு அவைதானே வருகின்றன," என்றார். ஆளும் கட்சிப் பக்கம் சிரிப்பு. இன்னொருவர் எழுந்து, ஆடுகளுக்கும் வாக்குரிமை உண்டா என்று கேட்டார். அங்கேயும் சிரிப்பு, இங்கேயும் சிரிப்பு, சபாநாயகரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

சீ, என்ன மனுசர்! நான் எழுந்துவிட்டேன். எனக்கே தெரியாமல் எழுந்தேன்.

"அங்கை மருத்துவிச்சி இல்லை! இல்லையெண்டு சொல்லுங்கோவன் ஐயா!"

தமிழில்தான் கத்தினேன். கீழே இருந்தவர்கள் ஒருகணம் நிமிர்ந்து பார்த்தார்கள். அடுத்த கணம் இரண்டு சேவகர்கள் என் இரண்டு கையையும் பிடித்து வெளியே கொண்டுவந்து படியில் விட்டார்கள். அடிக்கவில்லை, மரியாதையாகத்தான் விட்டார்கள்.

படியிலேயே காத்திருந்தேன். எம்.பி. வெளியே வந்தார். முகம் பூரித்துப்போய் இருந்தது.

"கண்டீரோ தம்பி, ஆளை எப்பிடி மடக்கினனான்! நாளைக்குப் பேப்பரிலை வரும்."

"மருத்துவிச்சி ஐயா?"

"அதுக்குப் புதுசாய் ஒரு கேள்வி போடுவம். இப்ப பட்ஜெட் நேரம், கொஞ்சம் சுணங்கும். ஆனா உப்பிடிக் கத்தக் கூடாது தம்பி. சபைக்கு ஒரு மரியாதை இருக்கு."

மரியாதையாம்! எங்கள் ஊர்த் தலைவருக்கும் அதே நோய், இவருக்கும் அதே நோய். அடுத்த நாள் பேப்பரில் ஆட்டுக் கதை வந்தது, படத்தோடு வந்தது. மருத்துவிச்சி என்ற சொல்லே அதில் இல்லை.

கார்த்திகை வந்தது, மழையும் வந்தது. வாய்க்கால் உடைப்பெடுத்துப் பாதை அறுந்துபோனது. எங்கள் வீட்டு மண்நிலத்தில் தண்ணீர் ஏறி, அடுப்பு மூழ்கிய காலையில்தான் மனைவிக்கு வலி தொடங்கியது. வண்டில் போக வழியில்லை. ஊரிலே காய்ந்த இடம் அந்த விடுதி மட்டும்தான். நானும் பக்கத்துக் காணிக்காரியும் அவளை இடுப்பளவு தண்ணீரில் தாங்கிக்கொண்டு போனோம். ஆடுகளை உதைத்துத் துரத்தினேன். பக்கத்துக் காணிக்காரியும் அப்போது வயிற்றோடு இருந்தவள்தான், ஒரு பிள்ளையும் பெற்றறியாதவள். அவள்தான் நடுங்கிக்கொண்டே பிள்ளையை ஏந்தினாள்.

பெண் பிள்ளை. வீரிட்டு அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் வாசலில் குந்தியிருந்து விம்மி விம்மி அழுதேன். ஆனால் உள்ளே இரத்தம் நிற்கவில்லை. எதைச் செய்தால் நிற்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. துணியை அமத்துவதும் பிழிவதுமாக அந்தப் பகல் முழுவதும் போனது. மறுநாள் தண்ணீர் வற்றிய பிறகுதான் அறுந்த பாதைக்கு அக்கரையில் நின்ற நெல் வியாபாரி, முல்லைத்தீவு முஸ்லிம் ஒருவர், தன் லொறியில் இருந்த மூட்டையெல்லாம் இறக்கிப்போட்டு எங்களை ஏற்றினார். "நெல்லுக் கிடக்கட்டும் தம்பி, முதல்லை ஏறுங்கோ," என்றார். பாராளுமன்றத்தில் ஒருவர் வாயிலும் வராத சொல் அது. கிளிநொச்சியில் பார்த்துவிட்டு உடனே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள். கருப்பையை எடுக்க வேண்டி வந்தது. இனிப் பிள்ளை இல்லை என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அதை அவளிடம் சொன்னவன் நான்.

மார்கழியில், அவள் இன்னும் படுக்கையில் இருக்கும்போது, எம்.பி. ஆஸ்பத்திரிக்கு வந்தார். கையில் தோடம்பழப் பையும் பேப்பரும். மனைவி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை, உம்மட குழந்தையைப் பற்றிப் பாராளுமன்றத்திலையே கதைச்சிருக்கினம்," என்றார்.

"என்ன கதைச்சவை ஐயா?"

புதிய கேள்வி போட்டிருந்தாராம். இந்த விடுதிக்கு மருத்துவிச்சி நியமிக்கப்படுவாரா என்று நேராகவே கேட்டாராம். கார்த்திகை கழிந்த பிறகுதான் அது வரிசைக்கு வந்ததாம். மந்திரியின் மறுமொழியைப் பேப்பரைப் பார்த்து அவரே வாசித்தார். மேற்படி விடுதி நல்ல முறையில் இயங்கி வருகிறது. அண்மையில் பெய்த கடும் மழையின்போதும் அங்கே குடியேற்றவாசி ஒருவரின் மனைவி பாதுகாப்பாகப் பிரசவித்துள்ளார். தாயும் சேயும் நலம். இப்போதைக்கு மருத்துவிச்சி நியமனத்துக்கு அவசியம் காணப்படவில்லை.

பேப்பரைப் பிடுங்கிக் கிழித்திருப்பேன். பிள்ளை மடியில் கிடந்தபடியால் விட்டேன்.

"நலமோ?" என்றாள் மனைவி. சுண்ணாம்புபோல வெளுத்துக் கிடந்தாள். "ஆர் வந்து பாத்தவை?"

"உத்தியோகத்தர் ஆரும் எழுதி அனுப்பியிருப்பினம்."

"நீங்கள் எழும்பிப் பொய்யெண்டு சொல்லேல்லையோ?"

"எனக்கு அப்ப விவரம் தெரியாது பிள்ளை. நேற்றுத்தான் கேள்விப்பட்டனான்."

"இப்ப தெரியும்தானே. திருப்பிக் கேளுங்கோ."

அவர் கண்ணாடியைத் துடைத்தார். "அதிலைதான் ஒரு சிக்கல். மறுமொழி சொல்லி முடிஞ்ச கேள்வியை அதே கூட்டத்தொடரிலை திருப்பிக் கேக்கேலாது. சபை விதி."

மனைவி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வந்தாலும் முகம் கோணாதவள், ஒருவருக்கும் எதிர்த்துக் கதைத்தறியாதவள். அவள் குரல் அப்படி ஏறி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"அப்ப பக்கத்துக் காணிக்காரி எங்கை போய்ப் பெறுறது?"

எம்.பி. என்னைப் பார்த்தார். அவர் பேப்பரை மடித்தார்.

"புதுக் கூட்டத்தொடர் ஆடியிலை தொடங்கும்," என்றார். "முதல் நாளே கேள்வியைக் குடுக்கிறன்."

"அவளுக்கு மாசியிலை," என்றாள் என் மனைவி.